காற்று வாராச் சாளரம்



இலக்கிய வட்டத்தின் விழாவில் கப்பலைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கலாம். உரையின் பொருள் கப்பலில் உள்ள ஒரு சாளரம். அதையும் சாளரம் என்று சொல்லலாமா என்பதே கேள்வி. உல்லாசப் பயணக் கப்பல்களின் உள்ளறைகளுக்குச் சாளரம் கிடையாது. அவ்வறைகளின் சுவரில் ஒரு திரையைப் பதித்து, கப்பலின் வெளிப்புறத்தில் உள்ள படக்கருவி காணும் கடலை அந்த நொடியிலேயே அதில் தோன்றச் செய்யும் முறை 2011 முதல் வழக்கிற்கு வந்தது. தமிழில் இதனை 'மெய்நிகர் சாளரம்' என்கின்றனர். மெய் என்பதற்கு உண்மை என்றும் பொருள் உண்டு. உடம்பு என்றும் பொருள் உண்டு. உண்மைக்கு நிகரான ஒன்று உடம்புக்கும் நிகராகுமா? பொறியியலாரும் உளவியலாரும் இக்கேள்வியைத் தத்தம் வழியில் எதிர்கொண்டுள்ளனர். சொல்லைத் தொழிலாகக் கொண்டோரும் இதனைச் சற்றே நின்று நோக்குதல் தகும்.

முதலில் அந்த அறையைக் காண வேண்டும். 'நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பல் பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில் கட்டப்பட்டு 2002இல் கடலில் இறங்கியது. நீளம் 311 மீட்டர். நீர்மட்டத்தில் அகலம் 38.6 மீட்டர். இத்தனை அகலமுடைய ஒரு கட்டடத்தில் வெளிச்சுவரை ஒட்டி இருபுறமும் ஒவ்வொரு வரிசை அறைகளே அமைய முடியும். அவற்றை ஒட்டி நடைவழிகள் ஓடும். இரண்டு நடைவழிகளுக்கும் இடையில் எஞ்சும் நடுப்பகுதியை வீணாக்கக் கப்பல் உரிமையாளர் எவரும் உடன்படார். அங்கே அமைவன உள்ளறைகள். கட்டில், சிறுமேசை, துணிப்பேழை, குளியலறை ஆகிய யாவும் அங்கே உண்டு. விளக்கை அணைத்துவிட்டால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே. கட்டணம் குறைவு என்பதால் சிக்கனமாகப் பயணம் செய்ய விரும்புவோர் அதனைத் தேர்கின்றனர். மேல்தளத்து அறைக்காரருக்குக் கிடைக்கும் உணவும் ஆடலும் பாடலும் இவர்களுக்கும் கிடைக்கும். அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியபின் கடல் மட்டும் கிடைக்காது.

இக்குறையைப் போக்கும் முயற்சி பழையது. இலிவர்ப்பூலிலிருந்து கொழும்பு வழியாக இரங்கூனுக்குக் கப்பல் விட்ட 'பிபி' நிறுவனத்தின் பெயரால் ஓர் அறை அமைப்பே அழைக்கப்படுகிறது. உள்ளே அமைந்த அறையிலிருந்து குறுகிய சந்து ஒன்று வெளிச்சுவர் வரை நீளும். சந்தின் முடிவில் ஒரு வட்டச் சாளரம் இருக்கும். அறையின் வடிவம் ஒரு கையை நீட்டியது போல் வளைந்து தோன்றும். வெப்பக் கடல்களில் குளிர்பதன வசதி இல்லாத அந்நாளில், அந்தச் சந்து காட்சிக்காக வெட்டப்பட்டதன்று. மூச்சுவிடக் காற்று வேண்டி வெட்டப்பட்டது. இக்குறிப்பை மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

1984இல் 'ராயல் பிரின்சஸ்' என்னும் கப்பல் உள்ளறையே இல்லாமல், எல்லா அறைகளும் கடலை நோக்குமாறு கட்டப்பட்டது. எல்லாரும் அதனைப் பின்பற்றுதல் இயலவில்லை. கப்பல்கள் மேலும் மேலும் அகன்றன. 1990இல் பால்டிக் கடலில் ஓடத் தொடங்கிய 'சில்யா செரனேட்' வேறொரு வழியைக் காட்டியது. கப்பலின் வயிற்றுக்குள் நீண்டதொரு கடைவீதியை அமைத்து, உள்ளறைகளுக்கு அவ்வீதியை நோக்கிச் சாளரம் வைத்தனர். 1999இல் 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' இதனை உலகறியச் செய்தது. கடலில் மிதந்துகொண்டே கடைவீதியை வேடிக்கை பார்க்கும் சாளரம் அது. பயணிகள் விரும்பினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடலுக்குச் சென்றவனைக் கடலுக்குப் புறங்காட்டி உட்கார வைத்த அந்த ஏற்பாட்டில் ஏதோ ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

திரையைச் சாளரமாக்கும் எண்ணத்தை நிறுவனங்களுக்கு முன்பே பயணிகள் கண்டுகொண்டனர் என்பது சுவையான செய்தி. பல கப்பல்களில் முகப்பிலுள்ள படக்கருவியின் காட்சி, அறைத் தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசையில் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். உள்ளறைப் பயணிகள் இரவில் ஒலியை நிறுத்திவிட்டு அந்த அலைவரிசையை அப்படியே விட்டுவிட்டு உறங்குவர். இரவு முழுதும் திரை கறுத்திருக்கும். விடியும்போது அதுவும் வெளுக்கும். பொழுது புலர்ந்ததை அதனைக் கொண்டு அறிவர். எவரும் கற்பிக்காமலே மனிதர் தேடிக்கொண்ட உத்தி இது. இருட்டறையில் உறங்கும் உடம்பு ஒளியைக் கேட்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. உருவங்களைக் காண்பதற்கன்றி, பகலா இரவா என்பதை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே விழித்திரையில் ஒருவகை உயிரணுக்கள் உள்ளன என்பதை ஆய்வாளர் 2002இல் உறுதிப்படுத்தினர். பயணிகள் அந்த ஆய்வைப் படித்துவிட்டு இதனைச் செய்யவில்லை.

2011 சனவரியில் தன் முதற்பயணத்தைத் தொடங்கிய 'டிஸ்னி ட்ரீம்' கப்பலே உள்ளறைகளில் இத்தகைய சாளரத்தை முதன்முதல் அமைத்தது. செருமனியின் பாப்பன்பர்க் நகரில் கட்டப்பட்ட கப்பல் அது. வட்டச் சட்டம் ஒன்றினுள் திரை பதிக்கப்பட்டது. கப்பலின் வெளிப்புறப் படக்கருவிகள் காணும் கடல் அதில் தெரிந்தது. இத்துடன் நின்றிருந்தால் அது டிஸ்னி ஆகாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரைப்படத்தில் வந்த நட்சத்திரமீன் ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். பலூன்களில் பறக்கும் வீடு ஒன்று வானில் மிதந்து செல்லும். குழந்தைகள் அடுத்து யார் வருவார் என்று காத்திருப்பர். மிக நேர்மையான ஏற்பாடு இது என்றே சொல்ல வேண்டும். நட்சத்திரமீன் வந்து ஒட்டிய கணத்தில் 'இது விளையாட்டு' என்று சாளரமே ஒப்புக்கொண்டுவிடுகிறது. குழந்தையும் ஏமாறுவதில்லை, பெற்றோரும் ஏமாறுவதில்லை.

ராயல் கரீபியன் நிறுவனம் 2014இன் தொடக்கத்தில் மேற்கொண்ட முயற்சி இதனினும் துணிவானது. அது விளையாட்டை விலக்கியது. மேலே சொன்ன நேவிகேட்டர் கப்பல் பதினோர் ஆண்டு ஓடிய பின் புதுப்பிப்புக்காக நிறுத்தப்பட்டபோது, அதன் 81 உள்ளறைகளில் தரையிலிருந்து கூரை வரை எழும் திரைகளைப் பொருத்தினர். ஒவ்வொன்றும் 80 அங்குலத் திரை. அதனைச் செங்குத்தாக நிறுத்தினால் உயரம் ஏறத்தாழ 177 சென்டிமீட்டர். அகலம் 100 சென்டிமீட்டர். ஓர் ஆள் நின்று வெளியே நோக்கும் கதவளவு. அதற்கு அவர்கள் இட்ட பெயரும் சாளரம் என்பதன்று, 'மெய்நிகர் பால்கனி'. அதே ஆண்டின் இறுதியில் வந்த 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 373 உள்ளறைகளிலும் கட்டும்போதே இது அமைந்தது.

புதிய கப்பலில் வைப்பது எளிது. பழைய கப்பலில் வைப்பதே சிக்கல். பழைய வீட்டில் சுவரை இடித்துச் சன்னல் வைப்பது போன்றதன்று இது. உள்ளறைச் சுவரை உடைத்தால் அப்பால் இருப்பது கடலன்று. நடைவழி, அல்லது இன்னொருவர் படுக்கை. ஆகவே சுவரை அப்படியே விட்டுவிட்டுக் கடலைத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்குப் படக்கருவியிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் வடம் இழுக்க வேண்டும். ஒரு கப்பல் நெடுக்குவாட்டில் பல தீத்தடுப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பகுதிகளுக்கு இடையே உள்ள எஃகுச் சுவரில் வடம் நுழைய இடும் துளை ஒவ்வொன்றும் தீயும் புகையும் கடவாதபடி மீண்டும் அடைக்கப்பட வேண்டும். உப்புக்காற்றும் அலைத்துளியும் ஓயாது தாக்கும் இடத்தில் படக்கருவி தெளிவு குன்றாமல் இருக்க வேண்டும். கப்பல் துறையில் நிற்கும் நாள் ஒவ்வொன்றும் வருவாய் இழப்பு என்பதால், அடிப்புறம் துலக்குவோர், வண்ணம் பூசுவோர், விரிப்பு மாற்றுவோர் ஆகியோருக்கு நடுவே குறித்த நாளுக்குள் இவ்வேலையும் முடிய வேண்டும். கவிதையில் கடலை ஓர் அடியில் கொண்டுவந்துவிடலாம். கப்பலில் அதற்கு இத்தனை வடமும் துளையும் தேவைப்படுகின்றன.

திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு கைப்பிடிக் கம்பி தெரியும். அது படத்தில் வரைந்து சேர்த்த கம்பி. தொட்டால் கண்ணாடிதான் விரலுக்குத் தட்டுப்படும். திரைக்கு இருபுறமும் உண்மையான துணித் திரைச்சீலை தொங்கும். கடலின் ஓசையைக் கூட்டலாம், குறைக்கலாம். வேண்டாமெனில் முழுவதையும் அணைத்துவிடலாம். அந்தக் கம்பியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கப்பலுக்கு வெளியே அப்படியொரு கம்பி இல்லை. அது மட்டுமே படத்தில் பொய். ஆனால் அந்தப் பொய் இல்லாமற் போனால், கடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நிற்பவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று கண் தடுமாறும். கம்பி வந்ததும் அருகு எது, தொலைவு எது என்று கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. உவமை செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. இல்லாத ஒன்றை அருகில் வைத்து, உள்ளதன் தொலைவைக் காட்டுகிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழில் சாளரத்துக்குப் பெயர்கள் பல. 'காலதர்' என்பது பழைய பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அதன் பொருள். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைக் கூறுமிடத்து இச்சொல்லை ஆள்கிறது. 'பலகணி' என்பது பல கண்களை உடையது. 'சன்னல்' என்பது போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்தபோது உடன் வந்த 'ஜனேலா' என்னும் சொல்லின் தமிழ் வடிவம். ஆங்கிலத்தார் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லோ, வடகடல் மக்களின் பழைய நோர்சு மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து பிறந்தது. தொடர்பே இல்லாத இரு மொழியினர் சாளரத்தைக் கண்டவுடன் காற்றையே நினைத்திருக்கின்றனர்.

சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் மாடத்தில் அமர்ந்திருக்க, சாளரத்தின் சிறு கண் வழியே ஒன்று உள்ளே நுழைகிறது. வண்டுகளோடு கூடி வரும் தென்றல் அது. அவ்விடத்தில் சாளரத்தின் தொழில் வெளியே உள்ளதைக் காட்டுவது என்று இளங்கோவடிகள் கருதவில்லை. வெளியே உள்ளது உள்ளே வருவதுதான் அதன் தொழில். இருவர் உள்ளத்தையும் கிளர்த்துவது கண்ட காட்சியன்று, மேனியில் பட்ட காற்று. பிபி நிறுவனத்தார் வெட்டிய சந்தும் இந்தக் காலதரின் உறவே. நட்சத்திரமீன் நீந்தும் வட்டமும், கம்பி வரைந்த கதவும் அந்த உறவில் சேரா. அவை கண்ணுக்கு மட்டுமே திறந்தவை.

அப்படியாயின் அதனைப் பொய்ச்சாளரம் என்று தள்ளிவிடலாமா? அது நியாயமாகாது. திரையில் தெரியும் கடல் பொய்யன்று. அந்த நேரத்துக் கடல். மழை பெய்தால் மழையைக் காட்டும். மூடுபனி சூழ்ந்தால் வெறும் வெண்மையைக் காட்டும். இரவில் ஒன்றுமே காட்டாது. அழகிய கடற்காட்சி ஒன்றைப் பதிவு செய்து நாள்தோறும் ஓட்டுவது இதனினும் எளிது, மலிவும்கூட. அவ்வாறு செய்யாமல் அழகில்லாத கடலையும் காட்டத் துணிந்ததே இதன் சிறப்பு. 'மெய்நிகர் சாளரம்' என்னும் பெயரோ தகுதிக்கு மீறிய பட்டம் போல் தோன்றுகிறது. 'திரைச்சாளரம்' என்று சொல்லிப் பார்க்கலாம். தமிழில் திரை என்பது அலை. திரை என்பது சீலை. திரை என்பது படம் காட்டும் வெண்பரப்பு. அந்தச் சிற்றறையில் சீலைத்திரைகள் இரண்டுக்கு நடுவே படத்திரை நிற்க, அதில் கடல்திரை எழுந்து விழுகிறது. மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் வாய்ப்பு வேறெந்த மொழிக்கு வாய்க்கும் என்று தெரியவில்லை. வாய்த்ததைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெயர் எதுவாயினும், உடம்பு அதனை ஏற்கிறதா என்பதே முதலில் எழுப்பிய வினா. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்களும், அவற்றை அடுத்து நுண்ணிய சுண்ணக் கற்கள் படிந்த இரு பைகளும் உள்ளன. தலை திரும்புவதைக் குழல்களும், உடல் சாய்வதையும் ஏறி இறங்குவதையும் கற்களும் மூளைக்கு உணர்த்துகின்றன. கப்பல் ஆடும்போது செவி 'ஆடுகிறோம்' என்கிறது. சாளரமற்ற அறையின் சுவரைக் காணும் கண் 'அசையவில்லை' என்கிறது. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதே கடல்மயக்கத்துக்கு முதன்மையான காரணம் என்பர். மயக்கம் வந்தவரை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று தொடுவானத்தை நோக்கச் சொல்வது இதனால்தான். தொடுவானத்தைக் கண்டவுடன் கண்ணும் செவியும் ஒரே சாட்சியம் சொல்லத் தொடங்கும்.

திரையில் தொடுவானம் தெரிந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. படக்கருவி கண்டதைத் திரை காட்டுவதற்குள் சிறிது நேரம் கழிந்தால், கப்பல் இடப்புறம் சாய்ந்து நிமிரும் வேளையில் திரையில் அது இன்னும் சாய்ந்துகொண்டிருக்கும். அப்போது கண்ணின் சாட்சியம் வெறும் மௌனமாக இராது, தவறான சாட்சியமாகிவிடும். சுவரே மேல் என்னும் நிலை வரும். இடப்பக்கம் நோக்கிய சுவரில் வலப்பக்கத்துக் கடலைக் காட்டினாலும் இதே கேடு. ஆகவே இந்தச் சாளரத்தைச் செய்தோர்க்குப் படத்தின் அழகினும் அதன் நேரமும் திசையுமே பெரும் பாடாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, உரிய நொடியில் சொல்ல வேண்டும் என்று உட்செவி கேட்கிறது. இவ்வளவு கண்டிப்பான திறனாய்வாளர் இலக்கிய உலகில் அரியர்.

நேரமும் திசையும் சரியாக அமைந்தாலும் ஒன்று அமையாது. கண்ணாடிச் சாளரத்தின் அருகே நடந்து சென்றால் வெளியே தெரியும் பரப்பு விரிகிறது, பின்வாங்கினால் சுருங்குகிறது, எட்டிப் பார்த்தால் கீழே நுரை தெரிகிறது. திரையின்முன் எங்கு நின்றாலும் ஒரே படம்தான். கட்டிலில் படுத்திருக்கும் மனைவியும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் கணவனும் கண்ணாடியின் வழியே ஒரே கடலின் இரு வேறு பகுதிகளைக் காண்பர். 'அதோ பார்' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழுந்து வந்து பார்க்க வேண்டியிருக்கும். திரையின்முன் எழுந்து வர வேண்டியதில்லை. வசதிதான், ஆனால் ஒருவரை ஒருவர் அழைக்கும் அந்தச் சிறு வேலை அங்கே இல்லாமற் போகிறது.

கப்பலுக்கு வெளியே நடந்த ஆய்வுகளும் இங்கே துணைக்கு வருகின்றன. 1984இல் ரோஜர் உல்ரிக் என்னும் ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகள் 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சாளரத்தின் மதிப்பைக் கட்டடக் கலைஞர் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டும் ஆய்வு இது.

திரையைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கானும் உடன் ஆய்வாளரும் 90 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மரமும் நீரும் தெரியும் கண்ணாடிச் சாளரத்தருகே அமர்ந்தனர். மற்றொரு பிரிவினர்க்கு அதே சாளரத்தை மூடி, அதே காட்சியை அதே நேரத்தில் காட்டும் திரை வைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்கு வெறுஞ்சுவர். சிறிய மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைச் செய்வித்தபின், நாடித்துடிப்பு எவ்வளவு விரைவில் அமைதியடைகிறது என்று அளந்தனர். கண்ணாடியின் அருகே இருந்தோர்க்கு விரைவில் தணிந்தது. திரையின் அருகே இருந்தோர்க்கு, வெறுஞ்சுவரைக் கண்டவர்களைவிட எந்த நன்மையும் கிட்டவில்லை. கண்ணாடியை நெடுநேரம் நோக்கியோர்க்குத் துடிப்பு மேலும் விரைவாகத் தணிந்தது. திரையை எவ்வளவு நேரம் நோக்கியும் அவ்வாறு நிகழவில்லை.

இதே குழுவைச் சார்ந்தோர் செய்த மற்றோர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. சாளரமில்லாத அலுவல் அறைகள் ஏழில் பெரிய திரைகளை வைத்து, வெளிக்காட்சியை 16 வாரம் காட்டினர். அங்கே பணிபுரிந்தோர் மகிழ்ந்தனர். வெளியுலகோடும் இயற்கையோடும் தொடர்பு கூடியதாகக் கூறினர். இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. மனம் 'நன்று' என்று சொல்கிறது; நாடியோ ஒன்றும் அறியாததுபோல் இருக்கிறது. மெய்நிகர் என்னும் தொடரில் மெய் என்னும் சொல் இரண்டாகப் பிளப்பது இந்த இடத்தில்தான். ஒன்று மட்டும் கருத வேண்டும். கண்ணாடிச் சாளரத்தோடு ஒப்பிட்டுத் திரையைக் குறை கூறுவது எளிது. உள்ளறைப் பயணிக்குக் கண்ணாடி கிடைக்கப் போவதில்லை. அவர் தேர்வு சுவருக்கும் திரைக்கும் இடையே உள்ளது. விடிந்ததை அறிவதும், துறைமுகம் நெருங்குவதைக் கட்டிலிலிருந்தே காண்பதும் சிறிய பேறல்ல. 2017இல் எமிரேட்ஸ் நிறுவனம் விமானத்தின் நடுவரிசை முதல்வகுப்பு அறைகளுக்கும் இத்தகைய சாளரங்களை அமைத்தது. ஏழைக்கென்று பிறந்த பொருள் செல்வரிடம் போய்ச் சேர்ந்த வழக்கமான கதை அது; விரித்துரைக்க வேண்டியதில்லை.

சாளரம் என்பது வசதியா, தேவையா என்ற வினாவுக்கு 2020 பிப்ரவரியில் விடை கிடைத்தது. 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் சப்பானின் யோகோகாமாத் துறைமுகத்தில் நோய்த்தொற்றின் காரணமாகத் தனிமைப்படுத்தப்பட்டது. கப்பலில் இருந்தோர் 3,711 பேர். பயணிகள் அறைகளை விட்டு வெளிவரக் கூடாது என்று ஆணை பிறந்தது. பால்கனி உடையவர் காற்று வாங்கினர். உள்ளறையினர் நான்கு சுவர்களுக்குள் நாள்களை எண்ணினர். அவர்களைத்தான் முதலில் குழுக்குழுவாக, முகக்கவசத்துடன், இடைவெளி விட்டு மேல்தளத்தில் சிறிது நேரம் நடக்க அனுமதித்தனர். அவ்வேளையில் அவர்களுக்குத் திரை இருந்திருந்தால் உதவியிருக்குமா? பொழுதறியவும் துறைமுகத்தைக் காணவும் உதவியிருக்கும். மேல்தளத்தில் அவர்களுக்குக் கிடைத்ததை அது தந்திராது. அது காலதர் தருவது.

அந்தக் கப்பலில் ஏறத்தாழ ஆயிரம் பணியாளரும் இருந்தனர். அவர்களில் 132 பேர் இந்தியர். பயணிகள் அறைக்குள் அடைபட்டிருந்தபோது அவர்கள் உணவு சமைத்தனர்; ஒவ்வோர் அறை வாயிலுக்கும் கொண்டு சேர்த்தனர்; இரவில் தம் அறைக்குத் திரும்பி மற்றொருவருடன் அதனைப் பகிர்ந்துகொண்டனர். உல்லாசக் கப்பல்களில் பணியாளர் அறைகள் பெரும்பாலும் பயணியர் தளங்களுக்குக் கீழே அமைவன, சாளரம் அற்றவை. பயணி ஓர் உள்ளறையில் ஏழு நாள் உறங்குவார். பணியாளர் ஒப்பந்தக் காலமான பல மாதங்கள் உறங்குவார். பிலிப்பைன்சு, இந்தோனேசியா, இந்தியா என்று பல நாடுகளிலிருந்து வந்தோர் அவர்கள். பயணியர் அறையில் திரைக்கண்ணாடியைத் துடைத்துத் துலக்கி, இருபுறத்துச் சீலையையும் மடிப்புக் கலையாமல் ஒழுங்கு செய்துவிட்டுச் செல்வோரும் அவர்களே.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006இல் செனீவாவில் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கப்பற் பணியாளர் உறங்கும் அறைக்கும் உணவறைக்கும் இயற்கை ஒளி வர வேண்டும் என்று அது விதிக்கிறது. சரக்குக் கப்பலின் மாலுமிக்கு அந்த உரிமை உண்டு. அதே விதியில், பயணியர் கப்பல்களில் சிறப்பு ஏற்பாடுகளுக்கு இடமளிக்கலாம் என்று ஒரு விலக்கும் சேர்ந்தே நிற்கிறது. நூற்றுக்கணக்கான பயணியர் அறைகளுக்குக் கடலைப் பங்கிட்ட பின், பணியாளர்க்குக் கொடுக்க வெளிச்சுவர் மிஞ்சுவதில்லை என்பதே அவ்விலக்கின் உட்பொருள். வெளிச்சுவர் இல்லாத இடத்துக்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட கருவிதான் திரைச்சாளரம். வடமும் உண்டு; படக்கருவியும் உண்டு; கடலும் அங்கேயே உண்டு. 2014இல் நேவிகேட்டர் கப்பலில் அதனைப் பொருத்திய 81 அறைகளும் பயணியர் அறைகள்.